சேற்றடுக்குகள் காட்டும் நீர்வரலாறு: பெரும்பாக்கத்துக் கழுவெளியை முன்னிட்டு ஓர் ஆய்வு

பாண்டிநாட்டில் பன்னீராண்டு வற்கடம் சென்றதென்றும், அரசன் புலவரைப் புரக்கமாட்டாது பிறநாடுகட்குச் செல்லவிடுத்தானென்றும், மழை பெய்து நாடு தளிர்த்தபின் அவர்களை மீள அழைத்தபோது பொருளிலக்கணம் வல்லார் ஒருவரும் கிடைத்திலரென்றும் இறையனார் களவியலுரை கூறுவது தமிழ் பயின்றார் யாவரும் அறிந்ததே. இவ்வற்கடம் வரலாற்று நிகழ்ச்சியா, நூலின் தோற்றத்தை உயர்த்திக் கூற எழுந்த கதையா என்பதில் அறிஞர் இருவேறு கருத்துடையர். பத்திரபாகு முனிவர் வடநாட்டினின்று தெற்கே போந்தமைக்கும் சமண மரபு பன்னீராண்டுப் பஞ்சத்தையே காரணமாகச் சொல்லுதலின், பன்னிரண்டு என்பது ஒரு வழக்கெண்ணாதலும் கூடும். ஏடுகளை மட்டும் கைக்கொண்டு இவ்வழக்கைத் தீர்த்தல் அரிது.

ஏடல்லாத வேறொரு சான்று உண்டு. அஃது ஏரியின் அடியிற் கிடக்கும் சேறு. நீர்நிலைகளின் அடிப்படிவை அடுக்கடுக்காக எடுத்து ஆராய்ந்து, அந்நாட்டின் மழைவளத்தையும் வறட்சியையும் பல்லாயிரம் ஆண்டுகள் பின்னோக்கி அறியும் கலை சென்ற நூறாண்டுகளில் நன்கு வளர்ந்துள்ளது. தமிழ்நாட்டு வரலாற்றை ஆராய்வோர் கல்வெட்டையும் செப்பேட்டையும் காசையும் பானையோட்டையும் சான்றாகக் கொள்ளப் பழகியுள்ளனர். சேற்றைச் சான்றாகக் கொள்ளும் பழக்கம் நம்மிடையே இன்னும் வேரூன்றவில்லை. அச்சான்று எவ்வாறு உண்டாகின்றது, எதனைச் சொல்லும், எதனைச் சொல்லாது என்பவற்றைத் தாம்பரத்திற்குக் கிழக்கே உள்ள பெரும்பாக்கத்தையும், அதனை அடுத்த பள்ளிக்கரணைக் கழுவெளியையும் முன்வைத்து விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம். அவ்வூரைத் தேர்ந்தமைக்குக் காரணம் பின்னர் விளங்கும்.

சேறு படியும் முறை

ஐப்பசித் திங்களிற் பெருமழை பெய்தபின் ஏரிக்கரையில் நின்று நோக்குவார்க்கு ஓர் உண்மை எளிதிற் புலப்படும். கலங்கிய நீர் ஏரியுட் புகும் வாயிலில் பருமணலும் சிறுகல்லும் முதலில் தங்கிவிடுகின்றன. சிறிது உள்ளே நுண்மணல் படிகின்றது. நெடுநேரம் மிதந்து செல்லவல்ல களியோ, அலையும் ஓட்டமும் அடங்கிய ஆழ்ந்த இடத்தை அடைந்தே அமர்கின்றது. ஆகவே ஏரியடியில் ஓரிடத்திற் கிடக்கும் மண்ணின் பருமையும் நுண்மையும், அவ்விடம் அக்காலத்தில் கரையினின்று எத்துணைத் தொலைவில் இருந்தது என்பதைக் காட்டும். நீர்மட்டம் உயர்ந்தாற் கரை விலகும். முன்பு மணல் படிந்த இடத்தில் களி படியும். மட்டம் தாழ்ந்தாற் கரை நெருங்கும். களியின்மேல் மணல் வந்து படியும். ஏரியின் நடுவில் ஒரு குழாயைச் செங்குத்தாக அழுத்தி மேலே எடுத்தால், அதனுள் அடங்கிய மண்தூணில் களியும் மணலும் மாறி மாறி அமைந்திருத்தலைக் காணலாம். கீழது முந்தியது, மேலது பிந்தியது. இவ்வடுக்கு முறையே சேற்றை ஏடாக்குவது.

நீர் முற்றும் வற்றிய காலமும் தன் அடையாளத்தை விட்டுச் செல்லும். நீரின்கீழ்க் கிடக்கும் சேறு காற்றுப்படாமையிற் கருமையோ சாம்பல் நிறமோ பூண்டிருக்கும்; அதிலுள்ள இரும்பு துருப்பிடிப்பதில்லை; இலையும் தண்டும் முற்றும் மக்குவதில்லை. ஏரி வற்றிச் சேறு வெயிலிற் காய்ந்தபோதோ பிளவுகள் தோன்றும். இரும்பு துருவேறிச் செம்மஞ்சட் புள்ளிகளாகும். புல்வேர் இறங்கிய துளைகள் நிற்கும். நிலத்தடி நீரிற் கரைந்திருந்த சுண்ணம் கட்டிபட்டுச் சுக்கான் கல்லாகும். நீர் புறம்போக வழியில்லாத ஏரியாயின் வற்ற வற்ற உப்புச் செறியும். முதலிற் சுண்ணமும், பின்னர் ஜிப்சமும், இறுதியிற் கறியுப்பும் படியும். இவ்வரிசையை உப்பளத்திற் பாத்தி கட்டுவார் நூலின்றியே அறிவர். மண்தூணில் ஜிப்சப் படலம் ஒன்று தோன்றுமாயின், அவ்வேரி அக்காலத்தில் எந்த அளவிற்குச் சுண்டியிருந்தது என்பதை அதனைக்கொண்டு துணியலாம்.

மண்ணினும் நுட்பமாகப் பேசுவன உயிர்களின் எச்சங்கள். டயாட்டம் எனப்படும் ஓரணுப் பாசிகள் சிலிக்கா என்னும் மணற்பொருளால் ஆகிய ஓடு உடையவை. நன்னீரில் வாழும் இனம் வேறு, உவர்நீரில் வாழும் இனம் வேறு; நுண்பெருக்கியின்கீழ் ஓட்டின் வரிகளை நோக்கியே இனத்தை அறியலாம். மலர்களின் மகரந்தத் தூளும் இத்தகையதே. அதன் புறத்தோல் மிக வலிது. காற்றுப் புகாத சேற்றில் பல்லாயிரம் ஆண்டு அழியாது கிடக்கும். சுவீடன் நாட்டு நிலநூலாராகிய லெனார்ட் ஃபான் போஸ்ட் என்பார் சதுப்பு மண்ணின் அடுக்குதோறும் உள்ள மகரந்தத்தை எண்ணிக் காடுகளின் வரலாற்றை வரைந்து 1916ஆம் ஆண்டில் அறிஞர் அவையில் எடுத்துக்காட்டினார். அன்றுமுதல் இம்முறை உலகெங்கும் பரவலாயிற்று.

நெய்தற் பாட்டுக்களைப் பயின்றார்க்கு இது புதிதன்று. கண்டல் கழியின் உவர்நீரில் நிற்பது. ஆம்பல் நிலைத்த நன்னீரில் மலர்வது. கோரையும் சம்பும் ஆழமற்ற நீரில் அடர்வன. ஆகவே கண்டலின் தூள் மிகுந்த அடுக்கு, கடல்நீர் அவ்விடம்வரை வந்து உலாவியதைக் காட்டும். அதன்மேற் கோரையின் தூள் மிகுமாயின் கடல்நீர் விலகி மழைநீர் தங்கிற்று என்பது பெறப்படும். தாவரத்தை நிலத்தின் கருப்பொருளாக வைத்து எண்ணிய தமிழ் மரபும், மகரந்தத்தைக்கொண்டு நிலத்தை உணரும் இன்றைய முறையும் தம்முள் மிகத் தொலைவில் இல்லை. ஆயினும் ஒன்று கருதத்தக்கது. காற்றில் மகரந்தம் சிந்தும் தாவரத்தின் தூள் பெருகிக் கிடக்கும்; வண்டினால் மகரந்தம் பரப்பும் தாவரத்தின் தூள் அருகியே கிடைக்கும். ஆதலின் தூளின் எண்ணிக்கையை மரத்தின் எண்ணிக்கையாகக் கொள்ளுதல் தவறாம்.

நத்தையின் ஓட்டிலும் ஒரு கணக்கு உண்டு. நீரில் உள்ள ஆக்சிஜன் அணுக்களுள் மிகப் பல 16 என்னும் எடையும், மிகச் சில 18 என்னும் எடையும் உடையவை. வெயிலில் நீர் ஆவியாகும்போது இலேசான அணு கொண்ட நீர் முந்திச் செல்லும். கனத்த அணு கொண்டது பின்தங்கும். எனவே வறண்ட காலத்து ஏரிநீரில் ஆக்சிஜன் 18 மிகும். அந்நீரில் வாழ்ந்த நத்தை அதனையே தன் ஓட்டில் ஏற்றுக்கொள்ளும். ஆனால் நம் நாட்டில் இக்கணக்கை எடுத்த எடுப்பில் நம்பிவிடலாகாது. தென்னாட்டில் வடகிழக்குப் பருவக்காற்றுக் கொணரும் மழைநீரில் ஆக்சிஜன் 18, தென்மேற்குப் பருவ மழையினும் குறைந்தே காணப்படுகின்றது. ஓட்டில் அவ்வணு மிகுந்திருத்தல் வறட்சியால் நேர்ந்ததா, ஒரு பருவமழை குறைந்து மற்றொன்று மிகுந்தமையால் நேர்ந்ததா என்பதனை மகரந்தமும் டயாட்டமும் உடன்கூறினாலன்றித் துணிய இயலாது. ஒரு சொல்லுக்கு ஓரேட்டின் பாடத்தை மட்டும் கொண்டு பொருள் துணியாது பல ஏடுகளை ஒப்பிடும் பதிப்பாசிரியர்க்கு இவ்வெச்சரிக்கை இயல்பாகவே விளங்கும்.

கரியணுவின் எடை வேறுபாட்டாலும் இவ்வாறே செய்தி பெறலாம். வெப்பநாட்டு வறண்ட புல்வெளிப் புற்கள் கரியணுவை ஏற்கும் முறை வேறு. மரங்களும் ஈரப்பாங்கான இடத்துச் செடிகளும் ஏற்கும் முறை வேறு. புல் மக்கிய மண்ணையும் மரம் மக்கிய மண்ணையும் இதனாற் பிரித்தறியலாம். நீலகிரியின் சாண்டிநல்லா என்னும் இடத்துச் சதுப்பு மண்ணை இம்முறையில் ஆராய்ந்து, சுகுமார், ரமேஷ், பந்த், ராஜகோபாலன் என்னும் நால்வர் 1993ஆம் ஆண்டில் நேச்சர் இதழில் வெளியிட்ட கட்டுரை தென்னாட்டு ஆராய்ச்சியுள் தலையாயது. ஏறத்தாழ 20,000 ஆண்டுகட்கு முன் அம்மலை வறண்டு புல் மிகுந்திருந்தது. பின்னர் மழை மிகுந்து, ஏறத்தாழ 11,000 ஆண்டுகட்கு முன் உச்சநிலை எய்திற்று. 6000 முதல் 3500 ஆண்டுகட்கு முன்வரை மீண்டும் வறட்சி நிலவிற்று. 600 ஆண்டுகட்கு முன் சிறிதுகாலம் ஈரம் மிகுந்தது. இவை அவர்தம் முடிபுகள். பழனிமலையிலுள்ள குக்கல் ஏரியின் படிவும் ஏறத்தாழ 9000 ஆண்டு வரலாற்றைத் தந்துள்ளது.

காலக் கணக்கு

அடுக்கு முன்பின் காட்டுமேயன்றி ஆண்டு காட்டாது. ஆண்டு அறிதற்குக் கரி 14 என்னும் கதிர்வீசும் அணு துணைசெய்யும். உயிருள்ளவை அதனைக் காற்றினின்று ஏற்கும். இறந்தபின் ஏற்பது ஒழிய, இருந்தது 5730 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். 1949ஆம் ஆண்டில் இம்முறையை நிறுவிய வில்லார்டு லிபி என்னும் அமெரிக்க அறிஞர்க்கு 1960ஆம் ஆண்டில் நோபல் பரிசு வழங்கப்பெற்றது. அண்மை நூறாண்டுகட்குக் காரீயம் 210 என்னும் அணு பயன்படும். அது 22 ஆண்டுகளிற் பாதியாகும். சீசியம் 137 என்பது அணுகுண்டு வெடிப்புகளால் வானிற் பரவி எங்கும் படிந்தது. அதன் உச்சம் 1963ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஆகவே எந்நாட்டு ஏரியிலும் அவ்வாண்டின் சேற்றை ஓரளவு சுட்டிக்காட்ட இயலும்.

இவற்றுள்ளும் பிழைபட இடமுண்டு. சுண்ணம் மிகுந்த நீரில் வாழ்ந்த நத்தை, பாறையினின்று கரைந்த பழங்கரியை ஏற்றுத் தன் வயதினும் முதியதாகத் தோன்றும். கோரையின் வேரோ, பழைய அடுக்கில் இறங்கிப் புதுக்கரியைச் சேர்த்து அதனை இளையதாக்கிக் காட்டும்.

இனிக் களவியலுரையின் வற்கடத்திற்கு வருவோம். ஓர் ஏரியில் ஆயிரம் ஆண்டில் ஒரு மீட்டர்ச் சேறு படிந்ததெனக் கொள்வோம். ஆண்டொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர். பன்னீராண்டுக்குப் பன்னிரண்டு மில்லிமீட்டர். ஒருவிரற் கடைக்கும் குறைந்த அச்சேற்றை மண்புழுவும் நண்டும் மீனும் கிளறும், எருமை மிதிக்கும், கீழும் மேலும் உள்ள சேற்றோடு அது கலந்துவிடும். கரி 14 தரும் காலமோ முப்பது, நாற்பது ஆண்டு முன்பின்னாகவே அமையும். எனவே பன்னீராண்டு வற்கடத்தைத் தனியே பிரித்துக்காட்டு என்று சேற்றை வினவுதல் பொருந்தாது. ஆழத்திற் காற்றில்லாத சில ஏரிகளில் மட்டும் புழு வாழாமையின் ஆண்டுக்கு ஒரு வரியாகப் படலம் கலையாது நிற்கும். சுவீடன் நாட்டில் யெரார்டு டி யேர் என்பார் பனிக்கட்டி உருகிய நீர் விட்டுச்சென்ற இத்தகைய வரிகளை ஒவ்வொன்றாக எண்ணியே ஆண்டுக்கணக்கு அமைத்தார். கோடையில் வற்றும் நம் தாழ்நிலத்து ஏரிகளில் அவ்வமைப்பை எதிர்பார்த்தல் இயலாது. ஆனால் பல தலைமுறை, சில நூற்றாண்டு தொடர்ந்த வறட்சியாயின் அதனைச் சேறு மறைக்காது.

வடநாட்டு ஏரிகளும் சிந்துவெளியும்

வரலாற்று வினா ஒன்றைச் சேற்றினிடம் வைத்தால் நேர்வது யாது என்பதற்குச் சிந்துவெளி நாகரிகம் பற்றிய ஆராய்ச்சி நல்ல எடுத்துக்காட்டு. குர்தீப் சிங் என்பார் இராசத்தானத்துச் சாம்பர், தித்வானா, லுங்கரன்சர் என்னும் உப்பேரிகளின் மகரந்தத்தை ஆராய்ந்து, மழை மிகுந்த காலத்தில் அந்நாகரிகம் ஓங்கிற்றென்றும், மழை குறைந்தபோது தேய்ந்ததென்றும் 1970ஐ ஒட்டிய ஆண்டுகளிற் கருத்துரைத்தார். அக்கருத்துப் பலராலும் ஏற்கப்பட்டது. 1999ஆம் ஆண்டில் என்செல் முதலியோர் லுங்கரன்சர் ஏரியை மீண்டும் நுணுகி ஆராய்ந்தனர். அவ்வேரி கரி 14 கணக்கில் 6300 ஆண்டுகட்கு முன் நிரம்பி, 4800 ஆண்டுகட்கு முன் முற்றும் வற்றிற்று என்றும், அதற்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு கழித்தே பெருநகரங்கள் எழுந்தன என்றும் அவர்கள் கண்டனர். அங்ஙனமாயின் அந்நாகரிகம் வறண்ட காலத்தில் வளர்ந்ததேயன்றி ஈரக்காலத்தில் வளர்ந்ததன்று.

2014ஆம் ஆண்டில் தீட்சித், ஹோடல், பெட்ரி என்னும் மூவர் அரியானாவிலுள்ள கோட்லா தகர் என்னும் பழைய ஏரியின் நத்தையோட்டை ஆராய்ந்து, ஏறத்தாழ 4100 ஆண்டுகட்கு முன் கோடைமழை திடீரெனக் குன்றிற்று என்று வெளியிட்டனர். நகரங்கள் தேயத் தொடங்கிய காலத்தோடு இஃது ஒருவாறு பொருந்தும். இம்மூன்று முடிபுகளையும் ஒருங்கு வைத்து நோக்குவார், ஒன்று மெய், ஏனைய பொய் என்று கொள்ள வேண்டுவதில்லை. ஓரேரி வற்றிய காலத்தில் மற்றோரேரி நீருடையதாய் இருத்தல் கூடும். நிலத்தடி நீர், மணற்குன்றின் நகர்ச்சி, ஆற்றின் போக்கு ஆகியவை ஏரிதோறும் வேறுபடும். தொலைவிலுள்ள ஓரேரியின் வரலாற்றை நாடு முழுமைக்கும் ஏற்றியுரைத்தலே குற்றம்.

இக்குற்றத்திற்குத் தமிழ்நாட்டு வரலாற்றிலும் இடமுண்டு. மகாராட்டிரத்து லோனார் ஏரி விண்கல் விழுந்த பள்ளம். அதன் அடிப்படிவில் ஏறத்தாழ பத்து மீட்டர் நீளமுள்ள மண்தூணை எடுத்து இந்திய, செருமானிய அறிஞர் ஆராய்ந்தனர். உவரும் காரமும் மிக்க நீரில் மட்டும் விளையும் கேலுசைட்டு என்னும் படிகங்கள் அதன் இரு பகுதிகளிற் காணப்பட்டன. அவற்றைக்கொண்டு 4600 முதல் 3900 ஆண்டுகட்கு முன்வரையும், 2000 முதல் 600 ஆண்டுகட்கு முன்வரையும் நெடிய வறட்சி நிலவிற்றென அவர்கள் முடிவு செய்தனர். இரண்டாம் வறட்சிக்குரிய காலத்தை நோக்குக. சங்ககாலத்தின் பிற்பகுதியும் பல்லவர் காலமும் சோழர் காலமும் அதனுள் அடங்கும். மகேந்திர தடாகமும், கூரத்துப் பரமேச்சுர தடாகமும், உத்தரமேரூர் வயிரமேக தடாகமும், வீரநாராயணப் பேரேரியும், சோழகங்கமும் வெட்டப்பட்ட காலம் அதுவே. வறட்சி மிகுந்தமையால் அரசர் ஏரி வெட்டினர் என்று உடனே எழுதிவிடத் தோன்றும். ஆனால் லோனார் காஞ்சிக்கு 800 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளது; அதற்கு நீர் தருவது தென்மேற்குப் பருவக்காற்று. இராசத்தானமும் அரியானாவும் அவ்வாறே. தொண்டைநாட்டின் கடற்பகுதிக்கோ ஆண்டு மழையிற் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவக்காற்றினால் உண்டாவது. ஒன்று குன்றும்போது மற்றொன்றும் குன்றும் என்ற நியதியில்லை. ஏரி வெட்டுதல் நீர்ப்பஞ்சத்தால் நேர்ந்ததா, நாடு செழித்து உழுநிலம் பெருகியதால் நேர்ந்ததா என்னும் வினாவிற்கு விடை தொண்டைநாட்டுச் சேற்றிலேயே தேடப்படவேண்டும். வடகிழக்குப் பருவமழையின் தொல்வரலாற்றைக் கூறும் நீர்நிலைகளுள் ஆராயப்பட்டவை மிகச் சிலவே. பெரும்பாக்கம் ஈண்டுப் பேசப்படுதற்குக் காரணம் இதுவே.

ஏரியும் கழுவெளியும்

பெரும்பாக்கத்தில் இருவகை நீர்நிலைகள் அடுத்தடுத்து உள்ளன. ஒன்று மக்கள் கரைகட்டி அமைத்த ஏரி. மற்றொன்று இயற்கையாக அமைந்த தாழ்நிலச் சதுப்பு. இவ்விரண்டின் சேறும் ஒருதன்மையன அல்ல.

ஏரியைக் காத்தல் என்பது அதன் சேற்றை நீக்குதலேயாம். முதற் பராந்தகன் காலத்தில் 919, 921ஆம் ஆண்டுகளில் உத்தரமேரூரிற் பொறிக்கப்பட்ட கல்வெட்டுக்கள் கூறும் வாரியங்களுள் ஏரி வாரியம் ஒன்று. ஏரியிற் குழிகுத்தி மண்ணெடுத்துக் கரையில் இடுதற்கும், தூரெடுக்கும் ஓடங்களைப் பேணுதற்கும் நிவந்தம் விட்ட செய்திகள் தொண்டைநாட்டுக் கல்வெட்டுக்களில் உள்ளன. கோடையில் உழவர் வண்டலை வண்டியில் ஏற்றி வயலிற் கொட்டும் வழக்கமும் நெடுங்காலம் இருந்துவந்தது. ஏரிக்கு இது நன்று, வயலுக்கும் நன்று; வரலாற்றுக்கோ ஏட்டைச் சுரண்டி எழுத்தை அழித்தவாறாகும். நன்கு பேணப்பட்ட ஏரியின் அடியில் ஆயிரம் ஆண்டுச் சேறு இராது. கேட்பாரற்றுக் கிடந்த ஏரியில் அஃது இருக்கும். நம் முன்னோரின் கடமையுணர்ச்சி ஆராய்ச்சிக்கு இடையூறாய் முடிந்தது ஒரு வேடிக்கையே.

எஞ்சிய சேற்றிலும் வானத்தின் செய்தியோடு மனிதர் செய்தியும் கலந்திருக்கும். கரையை ஒரு முழம் உயர்த்தினால் நீர் பரந்து, மணல் படிந்த இடத்திற் களி படியும். மழை மிகுந்ததுபோலத் தோன்றும். கரை உடைந்து பல்லாண்டு கட்டப்படாதிருந்தால் சேறு காய்ந்து பிளவுபடும். வறட்சி வந்ததுபோலத் தோன்றும். மேட்டுநிலத்துக் காட்டை அழித்து உழத்தொடங்கினால் மண் பெருகி வந்து படியும். பெருவெள்ளம் அடிக்கடி வந்ததுபோலத் தோன்றும். ஆகவே ஏரியின் சேற்றைக் கல்வெட்டோடு சேர்த்துப் படித்தாலன்றிப் பொருள் தெளியாது. கரைகட்டிய காலமும் உடைந்த காலமும் கல்வெட்டால் அறியப்பட்ட ஏரியே ஆராய்ச்சிக்கு ஏற்றது. இத்துறையில் நிலநூலார் கல்வெட்டறிஞரின் துணையை நாடியே தீரவேண்டும்.

கழுவெளியின் நிலை வேறு. தாம்பரம், சேலையூர், மேடவாக்கம், சித்தாலப்பாக்கம் முதலிய ஊர்ப்புறங்களிற் பெய்யும் மழை, ஏரி நிறைந்து கலங்கல் வழியே வழிந்து, அடுத்த ஏரியை அடைந்து, இறுதியிற் பள்ளிக்கரணைத் தாழ்நிலத்தில் வந்து தேங்குகின்றது. ஏறத்தாழ 250 சதுர கிலோமீட்டர்ப் பரப்பின் நீருக்கு அதுவே வடிகால். அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளத்து முகத்துவாரத்திற் கடலோடு கலக்கின்றது. இந்நிலத்தைத் தூர்வாரி ஆழப்படுத்தும் கடமை எந்த வாரியத்திற்கும் இருந்ததில்லை. மேலே உள்ள ஏரிகளில் தங்காது வழிந்த நுண்சேறு இங்கேதான் அமர்ந்திருத்தல் வேண்டும். ஏரிகளின் சேறு அழிந்தாலும் அவற்றின் வழிநீர் எழுதிய பிரதி இங்கு எஞ்சியிருக்கும் எனலாம்.

கடலின் வரலாறும் இச்சேற்றில் அடங்கும். ஏறத்தாழ 6000 ஆண்டுகட்கு முன் தமிழகக் கடற்கரையில் நீர்மட்டம் இன்றையினும் சிறிது உயர்ந்திருந்தது என்பது கரையோரச் சான்றுகளால் அறியப்படுவது. பெரும்பாக்கம் இன்று கடலினின்று ஆறேழு கிலோமீட்டர் உள்ளே உள்ளது. ஆயினும் அதன் கிழக்கேயுள்ள தாழ்நிலம் கடல்மட்டத்தை ஒட்டியே அமைந்துள்ளது. பாக்கம் என்பது நெய்தல் நிலத்து ஊருக்குரிய பெயர் என நிகண்டுகள் கூறுதலின், இவ்வூர் ஒருகாலத்திற் கழிக்கரையில் இருந்ததெனச் சிலர் கருதலாம். பெயரை மட்டும் கொண்டு இவ்வாறு துணிதல் நன்றன்று. செம்பரம்பாக்கமும் அச்சிறுபாக்கமும் பாக்கங்களே; அவை நெய்தல் நிலத்தன அல்ல. கழுவெளியின் அடியடுக்கிற் கண்டலின் மகரந்தமும் உவர்நீர் டயாட்டமும் கிடைத்து, அவ்வடுக்கின் காலமும் அறியப்படுமாயின் அப்போது பேசலாம். அவ்வடுக்கு ஊர் தோன்றுதற்குப் பல்லாயிரம் ஆண்டு முற்பட்டதாயின், ஊர்ப்பெயருக்கும் கடலுக்கும் தொடர்பு கற்பித்தல் ஒழியும்.

மணலும் இதில் உதவும். இப்பகுதியின் மேற்கே பல்லாவரம், பரங்கிமலை, நன்மங்கலம் ஆகியவற்றிற் காணப்படும் கருங்கல் சார்னோக்கைட்டு எனப்படும். கல்கத்தாவிலுள்ள ஜாப் சார்னோக்கின் கல்லறைக்கல் இவ்வினத்ததாதலைக் கண்டு தாமஸ் ஹாலந்து என்னும் நிலநூலார் அப்பெயரிட்டார். சென்னைப் புறத்துக் கல் ஒன்று வங்கத்துக் கல்லறையின் பெயர்கொண்டு உலக நூல்களில் வழங்குவது வியப்பே. அக்கல் உதிர்ந்த மணியுருக்களுக்கும், கடலலை அரித்து உருட்டிய மணலுக்கும் வேறுபாடு உண்டு. கழுவெளியின் மண்தூணில் மேற்கத்திய மணல் தடித்துப் படிந்த இடங்கள் குன்றுகளினின்று வெள்ளம் பாய்ந்த ஆண்டுகளையும், கடல்மணல் தோன்றும் இடங்கள் புயலலை உட்புகுந்த காலங்களையும் குறிக்கலாம். 2015ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் தென்சென்னையை மூழ்க்கிய வெள்ளம் விட்டுச்சென்ற மண், ஒப்பு நோக்குதற்கு அளவுகோலாக அமையும். அதனினும் தடித்த அடுக்குகள் கீழே எத்தனை உள என்பது நீர்ப்பணித் துறையார்க்கும் பயன்படும் செய்தி.

இடர்களும் இல்லாமல் இல்லை. கழுவெளியின் பெரும்பகுதி கோடையிற் காய்வது. காய்ந்த மேற்சேற்றைக் காற்று வாரிச்செல்லும். அங்கெல்லாம் ஏட்டில் இடையிடையே இதழ் குறையும். ஆண்டு முழுவதும் ஈரம் வற்றாத பள்ளங்களிலேயே குழாயை இறக்கவேண்டும். அத்தகைய இடங்களோ விரைந்து அருகி வருகின்றன. பல்லாண்டு நகரத்துக் குப்பை பெருங்குடிப் பக்கத்திற் கொட்டப்பட்டது. சாலையும் குடியிருப்பும் பணிமனைகளும் பிற பக்கங்களை நெருக்கின. சதுப்பின் ஒரு பகுதி 2007ஆம் ஆண்டிற் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022ஆம் ஆண்டில் ஏறத்தாழ 1247 ஹெக்டேர்ப் பரப்பு ராம்சர் உடன்படிக்கையின் பட்டியலில் இடம்பெற்றது. பறவைக்கும் நீருக்கும் அவ்வறிவிப்புத் துணையாம். சேற்றிற்கோ, அடித்தூண் ஊன்றுதற்குத் தோண்டிய ஒரு குழியும் தீங்கே; ஒருமுறை கலைந்த அடுக்கை எவ்வகையானும் மீள அடுக்க இயலாது. அதே 2022ஆம் ஆண்டு சனவரித் திங்களிற் செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனத்தின் புதிய கட்டடம் பெரும்பாக்கத்திலேயே திறக்கப்பெற்றது. பழந்தமிழ் நூல்களை ஆராயும் நிறுவனத்தின் வாயிலுக்கு அணித்தே படிக்கப்படாத இவ்வேடும் கிடப்பதைத் தமிழறிஞர் கருத்திற்கொள்வராக.

செய்யத்தக்கது பெரும்பொருட் செலவுடையதன்று. அண்மை ஆண்டுகளில் தென்சென்னைப் புறத்து ஏரிகள் பல பொறிகொண்டு ஆழப்படுத்தப்பட்டு வருகின்றன. நீர் வேண்டுவார்க்கு அஃது இன்றியமையாதது; அதனைத் தடுக்கச் சொல்லுதல் முறையன்று. ஆனால் சித்திரை, வைகாசியிற் பொறி இறங்குமுன், மதகை அடுத்த ஆழ்ந்த இடத்தில் ஒன்றும் ஏரியின் நடுவில் ஒன்றுமாக இரு மண்தூண்களை எடுத்துவிடலாம். ஓரிரு நாளில் முடியும் வேலை இது. தூணை நெடுக்கில் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை ஆராய்ந்து, மறுபாதியைக் குளிரறையில் இட்டு ஊர்ப்பெயரும் இடமும் நாளும் எழுதி வைத்தல் வேண்டும். இன்று நாம் அறியாத முறைகளால் அதனைப் பின்வருவோர் ஆராய்வர். கழுவெளியிற் கட்டடத்திற்கு அடித்தளம் இடுவோர் மண்ணின் வலிமையை அறியத் துளையிட்டு மண்ணெடுப்பதும் வழக்கம். வலிமை அறிந்தபின் அம்மண் எறியப்படுகின்றது. எறியுமுன் அதனைக் கேட்டுப் பெறுதற்குப் பல்கலைக்கழகங்களின் நிலநூல் துறையும் வரலாற்றுத் துறையும் தமிழ்த் துறையும் ஒருங்கு கூடி ஓர் ஏற்பாடு செய்யுமாயின், பல்லவர் ஏரி வெட்டிய நூற்றாண்டுகளில் வடகிழக்குப் பருவமழை எந்நிலையில் இருந்தது என்பதற்கு விடை தரும் மண்துண்டு அவற்றுள் ஒன்றாயிருத்தல் கூடும்.